சங்கரேஸ்வரி குதிங்கால்ல கசிஞ்ச அணை

கொத்தனார் சன்னாசி கடைசிக் கரண்டிச் சிமென்ட்ட அப்பிட்டு மட்டப்பலகைய இழுக்கப் போன நேரம் பாத்துத்தான் சங்கரேஸ்வரி ஸ்கூட்டியக் கீழ சாய்ச்சுப் போட்டுட்டு, ஹெல்மெட்டக் கூடக் கழட்டாம, ஓடுன வேகத்துல செருப்பு ரெண்டும் ரெண்டு பக்கம் பறக்க, "பொத்தாதீங்கய்யா! யாருய்யா பொத்தச் சொன்னது!"ன்னு கத்திக்கிட்டே வந்து, நிக்க முடியாம, நிக்க மனசும் இல்லாம, இடது கால அந்த ஈரச் சிமென்ட்டுக்குள்ள கணுக்கால் வரைக்கும் ஓங்கி மிதிச்சுப்புட்டா. அவ்வளவுதான். எல்லாம் அங்கதான் கெட்டுச்சு.

சிமென்ட்டுக்கு அடியில முட்டிக்கிட்டு நின்ன தண்ணி, போக வழி தேடிக்கிட்டு இருந்த தண்ணி, ஜில்லுன்னு கோணி ஊசி மாதிரி அவ குதிங்கால்ல ஏறுச்சு. வெடுக்குன்னு கால உருவுனா. உருவுன காலோட குதிங்கால்லருந்து சுண்டுவிரல் தண்டிக்குத் தண்ணி கொட்ட ஆரம்பிச்சுச்சு. காயம் கெடையாது, ரத்தம் கெடையாது, வலி கெடையாது. சுத்தமான தண்ணி.

சன்னாசி கரண்டிய லுங்கியில தொடச்சுக்கிட்டே எட்டிப் பாத்தாரு. "மேடம், ஒங்க காலு லீக்காகுது"ன்னாரு. அப்புறம் பலகைய எடுத்து மிச்சத்த மட்டம் பண்ணாரு. அந்தக் கால் தடத்த மட்டும் அவரால மட்டம் பண்ண முடியல. எத்தன தடவ தேச்சு விட்டாலும் அஞ்சு விரலும் ஒரு குதிங்காலும் திரும்பத் திரும்ப எந்திரிச்சு வந்துச்சு. "சரி, கெடந்துட்டுப் போகுது"ன்னு சொல்லிட்டு டீ குடிக்கப் போயிட்டாரு.

சங்கரேஸ்வரி யாருன்னா, செங்கரடு அணைக்கு ஏ.இ., உதவிப் பொறியாளர். செங்கரடு அணை கல்லு வச்சுக் கட்டுனது இல்ல, மண்ணணை. ரெண்டு கரட்டுக் குன்றுக்கு நடுவுல மண்ணக் கொட்டி, இறுக்கி, படுத்த எருமை மாதிரி நீட்டிப் போட்ட பெரிய கரை. மண்ணணைன்னா தண்ணி குடிக்கும், குடிச்சா வேர்க்கும், அதுல ஒரு குத்தமும் இல்ல. கரைக்குப் பின்பக்கம், கரை வந்து தரையில முடியுற எடத்துல, அணை கட்டுன நாள்லருந்தே ஒரு ஊத்து கசிஞ்சுக்கிட்டு இருந்துச்சு. அணைக்குள்ள நிக்கிற தண்ணி, அணைக்கு அடியில இருக்கிற மணல் படுகைக்குள்ள பூந்து, இருட்டுல மெதுவா நடந்து வந்து, அந்த எடத்துல வெளிச்சத்தப் பாக்கும். சின்னதா ஒரு வாய்க்கால், குறுக்க 'வி' மாதிரி வெட்டுன ஒரு இரும்புத் தகடு. அந்த வெட்டுல தண்ணி எம்புட்டு ஒசரத்துக்கு வழியுதுன்னு பாத்தா எம்புட்டுக் கசியுதுன்னு தெரிஞ்சிரும். சங்கரேஸ்வரி தெனமும் காலைல பல்லு வெளக்குன கையோட அதத்தான் பாக்கப் போவா. அளவ விட நெறந்தான் அவளுக்கு முக்கியம். ஒரு கண்ணாடி கிளாஸ்ல புடிச்சு வெயிலுக்கு நேரா தூக்கிப் புடிப்பா. தெளிவா இருந்தா அணை மூச்சு விடுது. கலங்கியிருந்தா தண்ணி தனியா வரல, அணைக்கு அடியில இருக்கிற மண்ணையும் கையப் புடிச்சுக் கூட்டிக்கிட்டு வருது. மண்ணு வெளிய வந்தா அது இருந்த எடம் பொந்தாகும். பொந்து வாயில ஆரம்பிச்சுக் கொஞ்சங் கொஞ்சமா உள்ள போகும், ஒரு நாள் அந்தப் பக்கத்துத் தண்ணியத் தொட்டுரும். தொட்டுச்சுன்னா அணையும் இல்ல, கீழ இருக்கிற ஓடைக்கரைப்பட்டியும் இல்ல.

இத அவ யாரு கேட்டாலும் சொல்லுவா, கேக்காட்டியும் சொல்லுவா. டீக்கடையில பரோட்டா மடிச்சுக் குடுத்த பேப்பர்ல படம் போட்டுக் காட்டுவா. "இந்தா பாருங்க, இது தண்ணி போற கோடு. குறுக்க இது அழுத்தம் கொறையிற கோடு. ரெண்டும் சேந்தா கோழிக்கூண்டு வலை மாதிரி கட்டம் கட்டமா வருதா? கட்டம் எங்க சின்னதாகுதோ அங்க தண்ணிக்கு வெறி புடிச்சிருக்குன்னு அர்த்தம். அங்க போயி தண்ணிய நிப்பாட்டக் கூடாது. தண்ணிய விடணும், மண்ண மட்டும் புடிச்சு வைக்கணும். பெரு மணல், அது மேல பொடி ஜல்லி, அது மேல பெரிய ஜல்லி. தண்ணி வடிஞ்சு போயிரும், மண்ணு நின்னுக்கும்." கேக்குறவுக தலைய ஆட்டிட்டுப் பேப்பர்ல எண்ணெயத் தொடச்சுப் போட்டுட்டுப் போவாக.

அப்பத்தான் பாசனத்துக்குத் தண்ணி தொறந்து விட மந்திரி வர்றாருன்னு செய்தி வந்துச்சு. அவளுக்கு மேலதிகாரி ஈ.ஈ., செயற்பொறியாளர் ஞானப்பிரகாசம் சார் அணைய ஒரு சுத்து சுத்தி வந்து, அந்த ஊத்தப் பாத்து மூஞ்சியச் சுளிச்சாரு. "மந்திரி கண்ணுல ஈரம் படக்கூடாது"ன்னாரு. அவ மதுரைக்கு மீட்டிங் போயிருந்த நேரமாப் பாத்து, கம்பி கட்டி, கனமா சிமென்ட்டு போட்டு, ஊத்தப் பொத்தச் சொல்லிட்டாரு. சேதி தெரிஞ்சு அவ ஸ்கூட்டிய வெரட்டிக்கிட்டு வந்து சேந்தப்பதான் சன்னாசி அந்தக் கடைசிக் கரண்டிய அப்பிக்கிட்டு இருந்தாரு.

மந்திரி வந்தாரு, தொறந்தாரு, பூத் தூவுனாரு, போனாரு. அணைக்குப் பின்னாடி சிமென்ட்டு மேல பச்சைப் பெயின்ட்டு பளபளன்னு இருந்துச்சு. இரும்புத் தகடு காஞ்சு போயி பல்லி ஓடுச்சு. ஞானப்பிரகாசம் சாருக்கு சால்வை போட்டாக. ஷட்டர ரெண்டு நாள்ல மூடிட்டாக, போட்டோ எடுத்தாச்சுல்ல. சால்வையோட அவரு சங்கரேஸ்வரியக் கூப்பிட்டு, "பாத்தியாம்மா, கசிவு ஜீரோ"ன்னாரு.

"சார், கசிவு ஜீரோ இல்ல சார். என் கால்ல வருது." கால நீட்டிக் காட்டுனா. ஆபீஸ் தரையில தண்ணி ஓடி அவரு மேசைக்கு அடியில போயிட்டு இருந்துச்சு.

அவரு ரெண்டு காலையும் நாற்காலி மேல தூக்கி வச்சுக்கிட்டாரு. "அது உங்க பர்சனல் ப்ராப்ளம்மா. மெடிக்கல் லீவு போட்டுக்கங்க."

அவளுக்கு வந்துச்சு பாருங்க ஒரு கோவம், வயித்துலருந்து கெளம்பி காது நுனி வரைக்கும். ஆனா அந்தக் கோவத்த வச்சு என்ன பண்றதுன்னு அப்ப அவளுக்குத் தெரியல. ஆஸ்பத்திரியில டாக்டரு குதிங்கால அமுக்கிப் பாத்துட்டு, "வேற ஏதாச்சும் தொந்தரவு இருக்கா?"ன்னு கேட்டு, துணி சுத்தி அனுப்புனாரு. துணி பூசணிக்கா தண்டிக்கு ஊதி, வர்ற வழியிலயே பஸ்ல அவுந்து விழுந்துச்சு. கண்டக்டரு, "அடுத்த தடவ பின்னாடி சீட்டுல ஒக்காருங்க மேடம், வடிஞ்சு போயிரும்"னாரு.

அவ குடியிருந்தது ஓடைக்கரைப்பட்டியில, வீராயி வீட்டு முன்னறையில. வீராயி இட்லிக் கடை வச்சிருக்கிறவ, நாற்பது வயசு, வாயி மட்டும் எண்பது வயசு. அந்த ஊருக்குக் கொழாயில தண்ணி எப்ப வரும்னு கடவுளுக்கும் தெரியாது, வாட்டர்மேனுக்கும் தெரியாது. வீராயி ஒரு நிமிசம் அந்தக் கால உத்துப் பாத்தா. உள்ள போயி ஒரு மஞ்சக் கொடத்த எடுத்துக்கிட்டு வந்து குதிங்காலுக்குக் கீழ வச்சா.

"அக்கா, என்னக்கா பண்றீங்க?"

"சும்மா போறதுதானத்தா? புடிச்சா ஒனக்குக் கொறஞ்சா போகும்?"

அன்னைக்குச் சாயங்காலம் வாசல்ல மூணு கொடம். மறுநாள் தெருமுக்கு வரைக்கும் கொடம். மஞ்சக் கொடம், ஊதாக் கொடம், வாயி ஒடைஞ்ச கொடம், கொடத்துக்குப் பதிலா எடம் புடிக்க வச்ச செங்கல்லு, செங்கல்ல எடுத்தவளோட சண்டை, சண்டையில அவுந்த கொண்டை. பஞ்சாயத்துத் தலைவரு கதிரேசன் ஒரு பெஞ்சி போட்டுக் குடுத்தாரு, மேல ஒரு தகரக் கொட்டகை போட்டாரு, கொட்டகையில அவரு போட்டோவ மாட்டுனாரு. ஒரு பிளம்பரக் கூட்டிக்கிட்டு வந்து, "குதிங்கால்ல ஒரு கிளாம்பு மாட்டி, பைப்ப விட்டு, மேல்நிலைத் தொட்டிக்கு ஏத்தியிரலாம் மேடம், நீங்க பாட்டுக்கு வீட்டுல இருக்கலாம்"னாரு. பிளம்பரு அவ காலுக்கு அளவே எடுத்துட்டான். சங்கரேஸ்வரி ஸ்பானரப் புடுங்கித் தூர எறிஞ்சா. அது சாக்கடையில விழுந்துச்சு. ஒருத்தரும் கோவிச்சுக்கல, ஏன்னா தண்ணி குடுக்குற காலு, ஒதைச்சாலும் பரவால்ல.

ஊரு எல்லாத்துக்கும் பழகிக்கும். ராத்திரி அவ கட்டில்லருந்து கால வெளிய நீட்டிப் படுத்தா, அங்கருந்து ஒரு ஓடை வெட்டி, ஓடை முடியுற எடத்துல யாரோ அகத்திக்கீரை நட்டாக, கீரை ஏறி வந்துச்சு. பொண்ணு பாக்க வந்தவுக கால மட்டும் பாத்தாக. மாப்பிள்ளையோட அம்மா காப்பிய ஆத்திக்கிட்டே, "கல்யாணத்துக்கு அப்புறம் தண்ணி எங்க ஊருக்குத்தான வரும்?"னு கேட்டாக. வாசல்ல நின்ன வீராயி, "அதெப்பிடி? தண்ணி இங்கயே இருக்கட்டும், வேணும்னா பொண்ணக் கூட்டிட்டுப் போங்க"ன்னா. பெயின்ட்டு அடிச்ச சிமென்ட்டுல இருந்த கால் தடத்துக்கு மஞ்சத் தடவிக் குங்குமம் வச்சு, வேலி போட்டு, வெள்ளிக்கெழமையானா சக்கரப் பொங்கல் வச்சாக. காலுக்குச் சொந்தக்காரிக்கு அதுல ஒரு கரண்டி குடுத்து விடணும்னு யாருக்கும் தோணல.

ஒரு நாள் வரிசையில கடைசியா நின்ன பஞ்சவர்ணம் சத்தமாக் கேட்டா. பஞ்சவர்ணம் பள்ளத்துல இருக்கிற காலனிக்காரி, செங்கச் சூளைக்குப் போறவ. "மேடம், எங்க மொறை வந்தா மட்டும் நீங்க சாப்பிடப் போயிட்டீக, தூங்கப் போயிட்டீகன்னு சொல்லிர்றாக. நெசமாவே அம்புட்டுத் தூங்குவீகளா?"

சங்கரேஸ்வரி கதிரேசனத் திரும்பிப் பாத்தா.

"அது வந்து மேடம், ஒரு மொறைன்னு ஒண்ணு இருக்குல்ல, மேலத்தெரு முடிஞ்சு..."

"யாரு போட்ட மொறை? என் காலு. எந்தப் பக்கம் நீட்டணும்னு நான் சொல்றேன்." பெஞ்சில ஒக்காந்த வாக்குலயே ஒரு சுத்து சுத்தி, கால அந்தக் கடைசிக்கு நீட்டுனா. அன்னைலருந்து வரிசை தல கீழா நின்னுச்சு. மேலத்தெருக்காரவுக மொணங்குனாக. மொணங்குனாலும் கொடத்த எடுத்துக்கிட்டுப் பின்னாடி போயி நின்னாக.

அப்புறம் மழை புடிச்சுச்சு. அணைக்குள்ள தண்ணி ஏற ஏற அவ குதிங்கால்லயும் தண்ணி ஏறுச்சு. கட்ட வெரல் தண்டி ஆச்சு, கொழா தண்டி ஆச்சு. அணைக்குப் போகாமலே, பெஞ்சில ஒக்காந்தே அவளால நீர்மட்டம் சொல்ல முடிஞ்சுச்சு. லீவுல இருக்கிறவ சொல்றத ஆபீஸ்ல யாரும் எழுதல.

ஒரு காலைல வீராயி கடையிலருந்து சத்தம் போட்டா. "ஏத்தா, இன்னைக்கு டீ என்னமோ பல்லுல நறநறங்குது!"

சங்கரேஸ்வரி வெடுக்குன்னு எந்திரிச்சா. கண்ணாடி கிளாஸ எடுத்து, குதிங்காலுக்குக் கீழ புடிச்சு, வெயிலுக்கு நேரா தூக்குனா. தண்ணி மோர் மாதிரி கலங்கி இருந்துச்சு. கொஞ்ச நேரம் வச்சா. அடியில சாம்பல் நெறத்துல, கறுப்புக் கறுப்பா மினுக்குற மாவு மணல் படிஞ்சுச்சு. அந்த மணல அவளுக்குத் தெரியும். அணைக்கு அடியில ஆழமாத் துளை போட்டு எடுத்த மண்ணு ஆபீஸ் அலமாரியில டப்பா டப்பாவா இருக்கு, அதே மண்ணு.

"யாரும் குடிக்காதீங்க! புடிக்காதீங்க! இது மண்ணு!" தெருவுல நின்னு கத்துனா.

"மண்ணுன்னு தெரியுது மேடம்"னாக. "தெளிய வச்சுக் குடிச்சுக்கிறோம்."

"இது தெளிய வைக்கிற மண்ணு இல்லக்கா! இது அணையோட அடி! இது இங்க வந்துச்சுன்னா அங்க பொந்து விழுகுதுன்னு அர்த்தம்!"

"அங்க விழுந்தா அங்க இருக்கிறவுக பாத்துக்கிருவாக"ன்னு ஒருத்தன் சொன்னான். அவன் வீடு அணையிலருந்து கூப்பிடு தூரத்துல இருக்கு. கொடத்து வாயில வேட்டித் துணியக் கட்டிக்கிட்டு வந்து நின்னான்.

அதோட விட்டாகளா? கொடத்துக்கு அடியில படிஞ்ச மணலத் தெருவுல கொட்டுனாக. அது குமிஞ்சுச்சு. கதிரேசன் ஒரு கைப்பிடி எடுத்து வெரலுக்கு நடுவுல தேச்சுப் பாத்தாரு. "அடடா, என்னா நைசு! பூச்சு வேலைக்கு இத விட்டா மணலே கெடையாது." அணைக்குப் பின்னாடி, அந்தக் கால் தடத்துக்கு முன்னாடி, ஒரு நன்றி வளைவு கட்டுறதுன்னு ஊர் கூடி முடிவு பண்ணாக. பெரு மணல் வந்து எறங்குச்சு, ஜல்லி வந்து எறங்குச்சு, ஜல்லியில பொடி ஒரு குமி, பெருசு ஒரு குமி. பூச்சுக்கு மட்டும் குதிங்கால் மணல். தெருவுல இருந்த குமியெல்லாம் டிராக்டர்ல ஏறி அணைக்குப் பின்னாடி போயிச் சேந்துச்சு. அணைக்கு அடியில இருந்த மண்ணு, அவ கால் வழியா வெளிய வந்து, அணைக்கு நன்றி சொல்லப் போயிருச்சு. இத விடக் கேவலம் ஒலகத்துல உண்டா?

அவ ஆபீசுக்கு ஓடுனா. பின்னாடியே தண்ணி ஓடுச்சு, கலங்குன தண்ணி. "சார், சிமென்ட்ட ஒடைக்கணும். ஷட்டரத் தொறந்து மட்டத்த எறக்கணும். ஊத்த வெளிய விட்டு, மேல மணலும் ஜல்லியும் போடணும். இன்னைக்கே. மண்ணு வருது சார்."

ஞானப்பிரகாசம் சார் காலத் தூக்கி நாற்காலியில வச்சுக்கிட்டாரு. "ஒடைக்கிறதா? அங்க ஜனங்க கும்பிடுறாங்கம்மா. லா அண்ட் ஆர்டர் பிரச்சன ஆயிரும். ஷட்டரத் தொறக்க மேலருந்து ஆர்டர் வேணும். தகடு என்ன சொல்லுது?"

"தகடு காஞ்சு கெடக்கு சார், நீங்கதான பொத்துனீங்க!"

"அப்ப கசிவு இல்ல."

அவ அவரையே பாத்தா. தரைய நனைச்சு, அலமாரிக்குக் கீழ பூந்து, ஆபீஸ் வாசப்படி தாண்டி ஓடுற தண்ணியப் பாத்தா. கோவம் எங்க வைக்கிறதுன்னு தெரியாம இத்தன நாளா வச்சிருந்தாள்ல, இப்பத் தெரிஞ்சு போச்சு.

திரும்பி நடந்தா. ஊருக்குள்ள வந்தா, நிக்கல. பெஞ்சத் தாண்டிப் போனா. "மேடம் எங்க போறீக? எங்க மொறை!"ன்னு கொடத்தத் தூக்கிக்கிட்டுப் பின்னாடி வந்தாக. அவ நிக்கல. தண்ணி போற வழியில கொடமும் போகும்ல, மேலத்தெரு வந்துச்சு, காலனி வந்துச்சு, வீராயி கடைய அப்படியே போட்டுட்டு வந்தா, கதிரேசன் பைக்க உருட்டிக்கிட்டே வந்தாரு, ஊரே இடுப்புல கொடத்தோட அவ குதிங்கால் பின்னாடி ஈர ரோட்டுல நடந்து, அணைக்குப் பின்னாடி வந்து சேந்துச்சு. வேலியத் தாண்டுனா. மஞ்சளும் குங்குமமும் அப்பியிருந்த அந்தத் தடத்துக்குள்ள எடது கால வச்சா. அச்சுல வார்த்த மாதிரி பொருந்துச்சு. வச்சு அமுத்தி நின்னா.

தண்ணி நின்னுச்சு.

அத்தன கொடமும் அப்பிடியே நின்னுச்சு. "ஏத்தா, கால எடு!"ன்னா வீராயி. "மேடம், வெளையாடாதீக, கால எடுங்க!"ன்னாரு கதிரேசன். அவ பல்லக் கடிச்சுக்கிட்டு நின்னா. இத்தன மாசமா அவ வழியாப் போன தண்ணி இப்ப போக எடம் இல்லாம திரும்பி, சிமென்ட்டுக்கு அடியில போயி முட்டுச்சு. மொதல்ல ஒரு ஒறுமல். அப்புறம் பச்சைப் பெயின்ட்டுல மயிரிழை மாதிரி ஒரு கீறல். அப்புறம் அந்தக் கனத்த சிமென்ட்டுப் பாளம், கம்பியோட, குங்குமத்தோட, மேல நிக்கிற சங்கரேஸ்வரியோட, கொதிக்கிற ஒலப்பானை மூடி மாதிரி எந்திரிச்சுச்சு. ஒரு ஆள் ஒசரத்துக்கு அவளத் தூக்கிக் காமிச்சுட்டு, ஒரு பக்கமாச் சாஞ்சு பொத்துன்னு விழுந்துச்சு. அவ மணல் குமி மேல போயி விழுந்தா. பாளம் இருந்த எடத்துல, பானை வாய் அகலத்துக்கு, சாம்பல் மணல் கொதிச்சுக் கொதிச்சு மேல வந்துச்சு.

கதிரேசன் சாமியக் கூப்பிட்டாரு. பாதி ஊரு ஓடத் திரும்புச்சு.

"எங்க ஓடுறீங்க!" குமி மேலருந்து அவ கத்துனது அணை மேல பட்டுத் திரும்பி வந்துச்சு. "ஓடி எங்க போவீங்க, தண்ணிய விட வேகமா ஓடுவீங்களா? கொடத்தக் குடுங்க! அந்த நைசு மணல கொடம் கொடமா ரொப்பி இத சுத்தி அடுக்குங்க, கெணத்துச் சொவரு மாதிரி! உள்ள தண்ணி ஏறட்டும், ஏறுனா வேகம் அடங்கும்! அடங்குனதும் பெரு மணல், அது மேல பொடி ஜல்லி, அது மேல பெரிய ஜல்லி! பரோட்டாப் பேப்பர்ல எத்தன தடவய்யா படம் போட்டுக் காட்டுனேன்!"

"கொடத்தக் குடுத்துட்டு நாளைக்கு எதுல புடிக்கிறது?"ன்னா வீராயி. சத்தியமாக் கேட்டா. கொதிக்கிற மணல் காலுக்கிட்ட வருது, அப்பயும் கேட்டா.

பஞ்சவர்ணம் முன்னாடி வந்தா. அவ யாரு மூஞ்சியையும் பாக்கல. "ஒடைஞ்சா மொதல்ல போறது பள்ளத்துல இருக்கிற எங்க வீடு. நீங்கள்லாம் மாடியில ஏறி நின்னு வேடிக்க பாப்பீக." கொடத்துல மணல அள்ளிப் போட்டு, ஊத்து ஓரத்துல 'நங்'குன்னு வச்சா. காலனிக் கொடமெல்லாம் வரிசையா வந்து ஒக்காந்துச்சு. வளையம் பாதிக்கு மேல வரல, கொடம் தீந்துருச்சு. பாதி வளையத்துல தண்ணி நிக்குமா?

எல்லாரும் மேலத்தெருவப் பாத்தாக. வீராயி தன்னோட மஞ்சக் கொடத்த, அந்த மொதக் கொடத்த, ஒரு தடவ தடவிப் பாத்தா. "நாசமாப் போறவளே, ஒனக்கு வாடகைக்கு விட்டேன் பாரு"ன்னு சங்கரேஸ்வரியத் திட்டிக்கிட்டே ரொப்பி வச்சா. அதுக்கப்புறம் கொடம் மழை மாதிரி வந்துச்சு. மஞ்சளும் ஊதாவும் செவப்புமா வளையம் மூடுச்சு. உள்ள தண்ணி ஏறுச்சு, ஏற ஏற கொதிப்பு அடங்குச்சு. நன்றி வளைவுக்கு வந்த பெரு மணல் போச்சு, பொடி ஜல்லி போச்சு, பெரிய ஜல்லி போச்சு. சன்னாசி கரண்டியோட வந்து, "மேல கொஞ்சம் சிமென்ட்டு பூசி விடவா மேடம்?"னாரு. அவ எடுத்த ஜல்லிக்கல்லப் பாத்ததும் பின்னாடி போயிட்டாரு.

ஜீப்புல வந்து எறங்குன ஞானப்பிரகாசம் சார் அந்த வளையத்தப் பாத்தாரு, சாஞ்சு கெடந்த பாளத்தப் பாத்தாரு. அதுக்கு அடியில ஒரு ஆடு தாராளமாப் படுத்துக்கிறாப்புல இருந்த பொந்து, அணைக்கு உள்பக்கமாப் போறதப் பாத்தாரு. எந்த ஆர்டரும் கேக்காம வேட்டி கட்டுனவன் மாதிரி பேன்ட்ட மடிச்சுக்கிட்டு ஷட்டருக்கு ஓடுனாரு.

சாயங்காலம் கொடங்களுக்கு நடுவுலருந்து தண்ணி தெளிவா வழிஞ்சுச்சு. சங்கரேஸ்வரி கிளாஸ்ல புடிச்சு வெயிலுக்கு நேரா தூக்குனா. கிளாஸுக்குப் பின்னாடி நின்ன பஞ்சவர்ணத்தோட மூஞ்சி தல கீழாத் தெரிஞ்சுச்சு, அம்புட்டுத் தெளிவு. அப்புறம் தன் காலத் தொட்டுப் பாத்தா. குதிங்கால் காஞ்சிருந்துச்சு, வெடிப்புக் கூட விழுந்திருந்துச்சு.

நன்றி சொன்னாகளான்னு கேக்குறீங்களா? அணை ஒடையல, அதனால ஒடைஞ்சிருக்கும்னு யாரும் நம்பல. வாசல்ல வந்துக்கிட்டு இருந்த தண்ணி நின்னு போச்சு, அது மட்டும் எல்லாருக்கும் தெரிஞ்சுச்சு. கால் தடத்த ஒடைச்சவ, கொடத்தையெல்லாம் பொதைச்சவ, வளைவுக்கு வந்த ஜல்லியத் தீத்தவன்னு சொல்லி, இந்த அம்மா எங்களுக்கு வேண்டாம்னு ஊர்ல மனு எழுதுனாக. வீராயியும் கைநாட்டு வச்சா, வச்சுட்டு வந்து ராத்திரிக்கு இட்லியும் குடுத்தா. ஞானப்பிரகாசம் சார், பொதுமக்கள் கோரிக்கையை ஏத்து மாறுதல் உத்தரவுல கையெழுத்துப் போட்டாரு. நல்ல நெலமையில இருக்கிற அணைன்னு அவருக்கு இன்னொரு சால்வை கெடைச்சுச்சு. அவ கெளம்புன அன்னைக்குப் பஸ் ஸ்டாப்புக்கு வந்தது பஞ்சவர்ணம் மட்டுந்தான். "தெனமும் காலைல நான் பாத்துக்கிறேன்"னு சொல்லி அந்தக் கண்ணாடி கிளாஸ வாங்கிக்கிட்டா.

புது ஊர்ல புது அணை. அதுவும் மண்ணணை. சேந்த மொத நாளே கரைக்குப் பின்னாடி போனா. கரை தரையில முடியுற எடத்துல, சதுரமா, புத்தம் புதுசா ஒரு சிமென்ட்டுத் தளம். மேல நீலப் பெயின்ட்டு. பெயின்ட்டு மேல ஒரு பிளாஸ்டிக் நாற்காலி போட்டு ஒருத்தரு பேப்பர் படிச்சுக்கிட்டு இருந்தாரு.

"இது என்னதுங்கய்யா?"

"தெரியல மேடம். மந்திரி வந்தப்ப போட்டது. நெழலா இருக்கு, நல்லா குளுகுளுன்னு இருக்கு."

சங்கரேஸ்வரி அந்தப் பெயின்ட்டப் பாத்தா. அந்தக் கோவம் வயித்துலருந்து கெளம்பி காது நுனிக்கு வந்துச்சு. குனிஞ்சு செருப்பக் கழட்டுனா.

"என்ன மேடம் பண்றீக?"

"நாற்காலிய எடுத்துட்டு எந்திரிங்க. ஊருக்குள்ள போயி கொடம் இருந்தா எடுத்துட்டு வரச் சொல்லுங்க. ஒண்ணு பத்தாது, எல்லாரையும் வரச் சொல்லுங்க."

சரி, உங்க ஊர்ல எப்பிடி? எங்கயோ ஒரு எடத்துல ஈரம் வருதுன்னு நீங்க கத்தி, யாரோ அது மேல பூசிப் பெயின்ட்டு அடிச்சு, "அது உங்க பர்சனல் ப்ராப்ளம்"னு சொல்லி, வீட்டுக்கு வந்து பாத்தா உங்க காலுக்குக் கீழ தரை நனைஞ்சு கெடந்திருக்கா? கிளாஸ்ல புடிச்சு வெயிலுக்கு நேரா தூக்கிப் பாத்தீங்களா? தெளிவா இருந்துச்சா, கலங்கியிருந்துச்சா?